நல்லாப் படிக்கிற பிள்ளைக்கு என்ன குறை?

"அவளுக்கென்ன, அவ எப்படியும் படிச்சுக்குவா." வகுப்பில் முதலாவதாக நிற்கும் ஒரு பிள்ளையைப் பற்றிப் பேச்செடுத்தால் நம் ஊரில் உடனே வரும் பதில் இதுதான். அம்மா சொல்வார், ஆசிரியர் சொல்வார், எதிர்வீட்டுக்காரர் சொல்வார். பாராட்டாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் சொன்ன கையோடு அந்தப் பிள்ளையைப் பற்றி யோசிப்பதையும் நிறுத்திவிடுகிறார்கள். கொஞ்ச காலமாகவே இந்தப் பேச்சு எனக்கு உறுத்திக்கொண்டிருக்கிறது. யாரிடம் வாதாடினாலும் முடியவில்லை, எழுதியாவது பார்க்கலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் சாயங்காலம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். கொரோனா முடிந்து இல்லம் தேடிக் கல்வி என்ற அரசுத் திட்டம் வந்தபோது தன்னார்வலராகச் சேர்ந்தது. அப்புறம் அந்தப் பழக்கம் என்னை விடவில்லை. வருகிற எல்லோரும் மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகள். அப்பா லோடு ஆட்டோ ஓட்டுவார், இல்லையென்றால் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரியில் இருப்பார். அம்மா வீட்டு வேலைக்கோ காசிமேட்டுக்கு மீன் விற்கவோ போவார். நான் சொல்லப்போகும் சிறுமி முதலில் படிக்க வரவில்லை. அண்ணனைத் தனியாக அனுப்ப முடியாமல் அவனுக்குத் துணையாக அனுப்பப்பட்டவள். அவன் நான்காம் வகுப்பு, இவள் இரண்டு. அவன் ஏழாம் வாய்பாட்டில் திணறும்போது பின்னாலிருந்து விடையை முணுமுணுப்பாள். அவன் திரும்பி முறைப்பான். அடுத்த கேள்விக்கும் முணுமுணுப்பாள். முதல் பருவப் புத்தகம் கையில் கிடைத்த வாரத்திலேயே அதைப் படித்து முடித்துவிட்டு, அடுத்த பருவப் புத்தகம் எப்போது தருவார்கள் என்று கேட்கிற ரகம்.

லீடர் வேலை

பள்ளிக்கூடத்தில் என்ன செய்கிறாய் என்று ஒருநாள் கேட்டேன். "நான்தான் மிஸ் லீடர்" என்றாள். என்னென்ன வேலை என்று விசாரித்தேன். டீச்சர் செல்போனில் எமிஸ் (பள்ளி விவரங்களுக்கான அரசுத் தளம்) பதிவு போடும்போது பேசுகிறவர்களின் பெயரைப் பலகையில் எழுத வேண்டும். நோட்டுகளை வாங்கி அடுக்கி மேசையில் வைக்க வேண்டும். ஆபீஸ் ரூமிலிருந்து சாக்பீஸ் எடுத்துவர வேண்டும். எழுத்து தெரியாத பிள்ளைகளோடு உட்கார்ந்து எழுதிக்காட்ட வேண்டும். அவளுடைய பாடவேளைகளில் பெரும்பகுதி இப்படித்தான் போகிறது. பிறருக்குச் சொல்லிக்கொடுத்தால் நமக்கு நன்றாகப் பதியும் என்பார்கள். உண்மைதான், முதல் தடவை பதியும். ஒரு வருஷம் முழுக்க அதே எழுத்துக்குச் சுழி போடக் காட்டிக்கொடுப்பதில் எட்டு வயதுப் பிள்ளைக்குப் புதிதாக என்ன பதியப்போகிறது? போதாததற்கு, பலகையில் பெயர் ஏறிய பையன்கள் இன்டர்வெலில் அவளுடைய தண்ணீர் பாட்டிலை ஒளித்து வைக்கிறார்கள். லீடர் பதவிக்குக் கிடைத்த சம்பளம் அது.

டீச்சரைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் நம் மாநிலத்தில் 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் திறந்தன. எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளைகள் மூன்றாம் வகுப்பில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அதற்காகத்தான் 2022-ல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது; முதலில் ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்கு, அடுத்த வருஷம் நான்குக்கும் ஐந்துக்கும். பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, அரும்பில் இருப்பவரை மொட்டுக்கும் மொட்டிலிருப்பவரை மலருக்கும் ஏற்ற வேண்டும். நல்ல திட்டம். என் மாடிக்கு வரும் பிள்ளைகளிலேயே அதனால் தேறியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஆசிரியரின் கண் எங்கே இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மேலிருந்து வருகிறவர்கள் கேட்பதெல்லாம் அரும்பில் இன்னும் எத்தனை பேர் என்பதைத்தான். மலருக்கு வந்துவிட்ட பிள்ளையைப் பற்றி யாரும் எதுவும் கேட்பதில்லை. இரண்டு வகுப்புகளைச் சேர்த்து ஒரே அறையில் நடத்துகிற ஒருவர், தானாகப் படித்துக்கொள்ளும் பிள்ளையைக் கைவேலைக்கு வைத்துக்கொள்வதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? அவளைப் பற்றிப் பேசப் போனபோது அந்த டீச்சர் சிரித்துக்கொண்டே, "எனக்கு இருக்கிற ஒரே நிம்மதி அவதாங்க" என்றார். அதில் பொய் ஒன்றும் இல்லை.

மாடித்தரையில் ஒரு கட்டம்

அவள் மூன்றாம் வகுப்புக்கு வந்திருந்த சமயம். ஒரு சாயங்காலம், பாடமெல்லாம் முடிந்த பிறகு, மாடித்தரையில் சாக்பீஸால் நான்குக்கு நான்கு கட்டம் ஒன்று போட்டேன். இதில் மொத்தம் எத்தனை சதுரம் இருக்கிறது என்று எல்லோரையும் கேட்டேன். மற்றவர்கள் விரல் நீட்டி எண்ணத் தொடங்கும் முன்பே "பதினாறு" என்றாள். இல்லை என்றேன். அவள் என்னை ஏதோ தப்பாகப் பேசிவிட்டவரைப் போலப் பார்த்தாள். குனிந்து மறுபடி எண்ணினாள். "பதினாறுதான் மிஸ்" என்றாள், கொஞ்சம் சத்தமாக. இன்னும் இருக்கிறது, தேடு என்றேன். அதற்குள் ஒரு பையன், "வெளிக்கோட்டைச் சேர்த்தா பெருசா ஒண்ணு இருக்கு, பதினேழு" என்றான். அப்புறம் அவளுடைய அண்ணன், அதே ஏழாம் வாய்பாட்டுக்காரன், மண்டி போட்டு உட்கார்ந்து பக்கத்துப் பக்கத்தில் இருந்த நான்கு கட்டங்களைச் சுற்றி விரலால் கோடு இழுத்து, "இதுவும் சதுரம்தானே மிஸ்?" என்று கேட்டான். ஆமாம் என்றதும் அங்கே ஒரே ரகளை. ஆளாளுக்குச் சதுரம் கண்டுபிடித்துக் கத்தினார்கள். தப்பாகவும் எண்ணினார்கள், ஒரே சதுரத்தை இரண்டு தரம் எண்ணி அடித்துக்கொண்டார்கள். இவள் மட்டும் எழுந்து நின்று, "வயிறு வலிக்குது" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டாள்.

அடுத்த சில நாட்கள் வரவில்லை. அவளுடைய அம்மா தெருவில் பார்த்துக் கேட்டார்: "இன்னாக்கா சொன்னீங்க அவளை? டியூசனே வாணாம்ன்றா." நடந்ததைச் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு. "அதுக்கா இந்த அழுகை? பெரியவன் டெய்லி திட்டு வாங்குறான், நல்லாச் சாப்பிட்டுட்டுத் தூங்குறான்" என்றார்.

அவர் சிரித்தபடி சொன்னது எனக்குள் நன்றாக இறங்கிவிட்டது. அண்ணனுக்குத் தப்பு என்பது தினசரி விஷயம். தப்பு விடை சொல்வான், கோடு போட்டு அடிப்பான், அழித்து மறுபடி எழுதுவான். உலகம் ஒன்றும் இடிந்துவிடாது என்று அவனுக்குத் தெரியும். தங்கைக்கு அந்தப் பயிற்சியே இல்லை. பள்ளிக்கூடம் கேட்ட எல்லாக் கேள்விக்கும் அவளிடம் விடை ஏற்கெனவே இருந்தது. தெரியாத ஒன்றின் முன்னால் உட்கார்ந்து, தெரியாமலேயே கொஞ்ச நேரம் இருந்து பார்க்கிற சந்தர்ப்பம் அவளுக்கு யாரும் கொடுக்கவில்லை. கெட்டிக்காரி என்றால் உடனே விடை சொல்கிறவள் என்றுதான் அவளுக்குத் தெரியும். விடை வரவில்லை என்றால் அப்போது அவள் யார்? வயிறு வலிக்காமல் என்ன செய்யும்?

வேகமான பிள்ளைக்குச் சாதாரண வகுப்பில் போரடிக்கும், நேரம் வீணாகும் என்பார்கள். அதுவரை நானும் சேதம் அவ்வளவுதான் என்று இருந்தேன். போரடிப்பது பெரிய சேதம் இல்லை. ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்து எத்தனையோ பிள்ளைகள் வளர்ந்திருக்கிறார்கள். முயன்று பார்க்கும் பழக்கமே ஏற்படாமல் போவதுதான் சேதம். இது ஐந்தாம் வகுப்புவரை யார் கண்ணிலும் படாது. ஒன்பதாம் வகுப்பு இயற்கணிதத்தில் தெரியும். ப்ளஸ் டூவில் மதிப்பெண்ணை அள்ளிக்கொண்டு வந்து, இன்ஜினியரிங் முதல் செமஸ்டரிலேயே அரியர் வைத்து, அறையை விட்டு வெளியே வராமல் கிடந்த பிள்ளைகளை நம் குடும்பங்களிலேயே பார்த்திருக்கிறோம். அப்போதும் "நல்லாப் படிச்ச பிள்ளை, என்ன ஆச்சோ" என்போம்.

அவள் திரும்பி வந்தாள். நான் எதுவும் கேட்கவில்லை. நோட்டின் கடைசிப் பக்கத்தில் கட்டம் கட்டமாகப் போட்டு வைத்திருந்தாள். கிளம்பும்போது கிட்டே வந்து, "முப்பது" என்றாள். ஆமாம் என்றேன். "அஞ்சுக்கு அஞ்சு போட்டா ஐம்பத்தஞ்சு மிஸ். இருபத்தஞ்சு மட்டும் கூடும்" என்றாள். எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு நோட்டைக் காட்டினாள். நாலு கட்டத்தில் சின்னச் சதுரம் பதினாறு என்றால், அஞ்சு கட்டத்தில் இரண்டுக்கு இரண்டு சதுரம் பதினாறு. அங்கே ஒன்பது, இங்கேயும் ஒன்பது, ஆனால் ஒரு அளவு பெரிய சதுரத்துக்கு. "எல்லாம் ஒரு படி தள்ளி நிக்குது. புதுசா வர்றது இருபத்தஞ்சு மட்டும்தான்." எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. இந்தக் கணக்குக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் சூத்திரம்தான். அவள் சொன்ன காரணம் எனக்குத் தெரியாது.

பிலடெல்பியாவில் ஒரு கையெழுத்து

என் பெரியம்மா மகள் பிலடெல்பியா பக்கத்தில் இருக்கிறாள். அவளுடைய மகன் தொடக்கப் பள்ளியில் படிக்கிறான், சாதாரண அரசுப் பள்ளிதான். வாரத்தில் ஒருநாள் அவனையும் இன்னும் சிலரையும் வகுப்பிலிருந்து தனியறைக்கு அழைத்துப்போய் வேறு கணக்கு, வேறு வாசிப்பு என்று கொடுக்கிறார்கள். இதை அவள் போனில் பெருமையாகச் சொன்னபோது வழக்கமான அமெரிக்கப் பீற்றல் என்று காதில் வாங்கிக்கொள்ளாமல் விட்டேன். கட்ட விவகாரத்துக்குப் பிறகு நானே போன் போட்டு விவரமாகக் கேட்டேன். பென்சில்வேனியாவில் இது பள்ளிக்கூடம் மனமுவந்து செய்யும் உபகாரம் இல்லையாம், மாநில விதி. ஐ.க்யூ. 130 அல்லது அதற்குமேல் என்பது ஒரு அளவுகோல். அது இல்லாவிட்டாலும் வேறு சான்றுகளை வைத்துச் சேர்க்கலாம். சேர்த்த ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித் திட்டம் எழுத்தில் போட வேண்டும். பெற்றோரைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசி, ஒப்புதல் வாங்க வேண்டும். பிடிக்காவிட்டால் பெற்றோர் முறையீடு செய்யலாம். அமெரிக்கா முழுக்க இப்படி என்று நினைத்துவிடக் கூடாது. மத்திய அரசின் கட்டாயம் எதுவும் கிடையாது, மாநிலத்துக்கு மாநிலம் வேறு.

அங்கேயும் எல்லாம் சுகமில்லை. யாரைச் சேர்ப்பது என்பதில்தான் வம்பே. ஃபுளோரிடாவில் ஒரு பெரிய பள்ளி மாவட்டத்தில் ஆசிரியரோ பெற்றோரோ பரிந்துரைத்தால்தான் சோதனை என்று இருந்தது. 2005-ல் அதை மாற்றி, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் சொற்களே இல்லாத ஒரு படப்புதிர்ச் சோதனை வைத்தார்கள். உடனே ஏழைப் பிள்ளைகளும் கறுப்பினப் பிள்ளைகளும் ஸ்பானிஷ் பேசும் வீட்டுப் பிள்ளைகளும் முன்பைவிட வெகு அதிகமாகத் தேர்வானார்கள். டேவிட் கார்டு, லாரா ஜூலியானோ என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். பிள்ளைகள் அதுவரையும் அதே வகுப்பில்தான் உட்கார்ந்திருந்தார்கள், பார்க்க வேண்டியவர்கள் கண்ணில் படவில்லை. நியூயார்க்கில் வேறு கதை. நான்கு வயதுக் குழந்தைகளுக்குத் தேர்வு வைத்தார்கள். வசதியுள்ளவர்கள் அதற்கும் டியூஷன் வைத்தார்கள். 2021-ல் அந்தத் தேர்வையே எடுத்துவிட்டார்கள். இங்கே அப்படி ஒரு தேர்வை அறிவித்துப் பாருங்கள். மறுவாரமே அண்ணா நகரில் கோச்சிங் சென்டர் திறந்து, எல்.கே.ஜி. பிள்ளைகளின் போட்டோவை பேனரில் போட்டுவிடுவார்கள்.

நம் பக்கம் என்ன இருக்கிறது என்று தேடினால் கிடைப்பதெல்லாம் தேர்வும் உதவித்தொகையும்தான். எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வு, தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டுவரை வருஷத்துக்கு 12,000 ரூபாய். ஒன்பதாம் வகுப்பில் ஊரகத் திறனாய்வுத் தேர்வு. பெயரிலேயே இருக்கிறபடி அது சென்னைப் பிள்ளைக்குக் கிடையாது. அதற்கு மேலே போனால் முதலமைச்சர் திறனாய்வுத் தேர்வு. மத்திய அரசின் நவோதயா பள்ளிகள் ஆறாம் வகுப்பில்தான் தொடங்குகின்றன, அவையும் தமிழ்நாட்டில் இல்லை. பணம் தேவைதான், அதை வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் இவற்றில் எதுவும் எட்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு கடினமான கணக்கைக் கொடுக்காது. கற்றலில் சிரமப்படும் பிள்ளைக்குச் சட்டம் இருக்கிறது, வட்டார வள மையத்திலிருந்து சிறப்புப் பயிற்றுநர் வருகிறார். முன்னால் ஓடும் பிள்ளைக்கு ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்துவரை ஒன்றுமே இல்லை. 2020 தேசியக் கல்விக் கொள்கையில் இதைப் பற்றிச் சில பத்திகள் இருக்கின்றன. அந்தக் கொள்கை நம் ஊரில் எந்தக் காரணத்துக்காக அடிபட்டது என்று உங்களுக்கே தெரியும். அந்தச் சண்டையில் இந்தப் பத்திகளை யாரும் புரட்டக்கூட இல்லை.

தகுதி, திறமை

இந்த இடத்தில் எனக்கும் ஒரு தயக்கம் உண்டு. தமிழ்நாட்டில் 'தகுதி, திறமை' என்ற பேச்சு எப்போதும் யாரையோ வெளியே நிறுத்தத்தான் பயன்பட்டிருக்கிறது. இடஒதுக்கீட்டுக்கு எதிராக, நுழைவுத் தேர்வுக்கு ஆதரவாக. அதனால் 'மீத்திறன் மிக்க குழந்தைகள்' என்று யாராவது தொடங்கினாலே எங்கள் வீட்டில் புருவம் உயரும். என் கணவர் நேரடியாகவே சொன்னார்: "பத்துப் பிள்ளைக்கு எழுத்து தெரியலை, நீ ஒண்ணே ஒண்ணுக்கு வக்காலத்து வாங்குறியா?"

கேள்வி நியாயமானது. ஆனால் அண்ணா நகர்ப் பிள்ளைக்கு அபாகஸ் இருக்கிறது, ஒலிம்பியாட் இருக்கிறது, செஸ் கோச் வீட்டுக்கே வருகிறார். வேகமான பிள்ளைக்கான கல்வி இந்த நகரத்தில் நன்றாகவே நடக்கிறது, காசுக்கு. மாநகராட்சிப் பள்ளியில் அது இல்லாதிருப்பதைச் சமத்துவம் என்று எப்படிச் சொல்வது? எழுத்து தெரியாத பத்துப் பிள்ளையிடமிருந்து எதையும் பிடுங்க வேண்டியதில்லை. தனிப் பள்ளி வேண்டாம், முத்திரை வேண்டாம், தேர்வே வேண்டாம். அரைமணி நேரம் மேல் வகுப்பில் உட்கார அனுமதியும், பூட்டிவைக்காத ஒரு புத்தக அலமாரியும் போதும். வாசிப்பு இயக்கத்துக்காக நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலைகளில் அழகழகான புத்தகங்கள் அரசே போட்டிருக்கிறது.

இன்னொன்று. இதைச் சென்னை மாநகராட்சி ஏற்கெனவே செய்து பார்த்திருக்கிறது. 2003-ல் எம்.பி. விஜயகுமார் ஆணையராக இருந்தபோது ஆந்திராவின் ரிஷிவேலிப் பள்ளி முறையைப் பார்த்து, செயல்வழிக் கற்றலை இந்தப் பள்ளிகளில்தான் தொடங்கினார்கள். பாயில் வட்டமாக உட்காருவது, தட்டு தட்டாக வண்ண அட்டைகள், சுவரில் ஏணிப்படம், பிள்ளைகள் எழுதுவதற்குத் தாழ்வாக ஒரு கரும்பலகை. 2007-ல் மாநிலம் முழுக்கப் போனது. அதில் எனக்குப் பிடித்ததே, ஒரு அட்டை முடித்த பிள்ளை அடுத்த அட்டையைத் தானே போய் எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான். பின்தங்கியவரும் முந்தியவரும் ஒரே அறையில் அவரவர் படியில். குறைகள் இருந்தன, டீச்சர் பாடமே நடத்துவதில்லை என்று பெற்றோர் சண்டை போட்டார்கள். கொஞ்சம் கொஞ்சமாக அது கரைந்து போயிற்று. அந்த ஏணியை மட்டுமாவது வைத்துக்கொண்டிருக்கலாம்.

ராமானுஜனை இழுக்காமல் இந்தப் பேச்சு முடியாது, யாராவது ஒருவர் "அவருக்கு யாரு சொல்லிக்கொடுத்தா?" என்பார். கும்பகோணத்தில் பதினாறு வயதில் அவர் கையில் கிடைத்தது, வெறும் சூத்திரங்களாக அடுக்கிய ஒரு கடினமான புத்தகம். அதற்கப்புறம் கல்லூரி அவருக்கு என்ன செய்தது? கணக்கைத் தவிர மற்றதில் தேறாததால் உதவித்தொகை போயிற்று, சென்னை வந்து பச்சையப்பன் கல்லூரியில் படித்தும், பட்டப்படிப்புக்கு முந்தைய எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. 1912-ல் துறைமுகத்தில் மாதம் முப்பது ரூபாய்க்கு எழுத்தர். எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். "எப்படியும் படிச்சுக்குவா" என்பதற்கு அவரையா சாட்சிக்குக் கூப்பிடுவது?

இப்போதைய நிலைமை

டீச்சரிடம் மறுபடி பேசினேன். அவர் தலைமையாசிரியரிடம் பேசினார். அந்த அம்மா தைரியசாலி. கணக்குப் பாடவேளையில் மட்டும் மேல் வகுப்பில் உட்காரட்டும் என்றார். ஐந்தாம் வகுப்பில்தான் உட்காரவைத்திருக்க வேண்டும். ஆனால் அங்கே அண்ணன் இருந்தான். "அவனுக்கு அசிங்கமாப் போயிடும்க்கா" என்று அவர்கள் அம்மா ஒரே பிடியாக நின்றார். அதில் நியாயம் இருந்தது. நான்காம் வகுப்பு என்று முடிவாயிற்று. வருகைப் பதிவு மூன்றில், கணக்கு நான்கில். அங்கேயும் பெரும்பாலும் அவளுக்குத் தெரிந்த கணக்குதான். ஆனால் வகுத்தலில் மீதி வரும்போது ஒருதரம் மாட்டிக்கொண்டாள், வயிறு வலிக்கவில்லை.

ஜூனில் தலைமையாசிரியருக்கு மாறுதல் கலந்தாய்வில் வேறு பள்ளி கிடைத்துப் போய்விட்டார். வகுப்பாசிரியரும் மாறிவிட்டார். புதிதாக வந்தவர் பொறுமையாகக் கேட்டார், கேட்டுவிட்டு, "எழுத்துல ஏதாவது ஆர்டர் இருக்குங்களா?" என்றார். இல்லை. "வயசுக்கேத்த வகுப்புன்னு சட்டத்துல இருக்கு. யாராவது வந்து கேட்டா நான் என்ன சொல்றது?" பள்ளிக்கே போகாமல் விடுபட்ட பிள்ளைகளைச் சின்னப் பிள்ளைகளோடு உட்காரவைத்துவிடக் கூடாது என்பதற்காக வந்த விதி அது. முன்னால் போகிறவளைத் தடுக்க வந்ததில்லை. சொல்லிப் பார்த்தேன். அவருக்கு வேண்டியது விளக்கமில்லை, ஒரு தாள். பென்சில்வேனியாவில் என் அக்கா மகனுக்கு இருப்பது அதுதான். ஆசிரியர் மாறினாலும் கோப்பில் இருக்கும். இங்கே ஒரு நல்ல மனுஷி இடம் மாறியதும் ஏற்பாடும் அவரோடு போய்விட்டது. தொடக்கக் கல்வித் துறையிலிருந்து அரைப் பக்கச் சுற்றறிக்கை ஒன்று போதும், ஒரு பாடத்துக்கு மட்டும் மேல் வகுப்பில் அமர அனுமதிக்கலாம் என்று. செலவு பூஜ்யம்.

இப்போது அவள் நான்காம் வகுப்பு. போன வருஷம் போட்ட அதே கணக்கை மறுபடி போட்டுக்கொண்டிருக்கிறாள். சாயங்காலம் மாடியில் நான் வேறு கொடுக்கிறேன், எனக்குத் தெரிந்தவரை. புது டீச்சரும் வந்த வாரத்திலேயே அவளை லீடராக்கிவிட்டார். ஒரு மாதம் பார்த்தாள். அப்புறம் அவளே போய், வேறு யாரையாவது போட்டுக்கொள்ளுங்கள், பெயர் எழுதுகிற நேரத்தில் எனக்குக் கணக்கு இருக்கிறது என்று சொல்லிவிட்டாளாம். நான் கொடுத்த கணக்கு. டீச்சருக்குக் கோபம். என்னை வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார், திங்கட்கிழமை போக வேண்டும்.